வளைகாப்பில் சொன்னதும், மூன்றாம் ஜாமத்தில் தோன்றுவதும்

வளைகாப்பு அன்று, 'என் குழந்தைக்குப் பவுடர் பாலே கிடையாது' என்று அடித்துச் சொன்னீர்கள், இல்லையா? எதிர் ஃப்ளாட்டில் பாட்டிலும் கையுமாக நின்றவளைப் பார்த்து முகம்கூடச் சுளித்திருப்பீர்கள்.

பிரசவமான இரண்டாம் ராத்திரி. மணி மூன்று. குழந்தை வீல் வீலென்று அழுகிறது. 'பால் பத்தலை போலிருக்கேடி' என்கிறார் துணைக்குப் படுத்திருக்கும் அம்மா. விடிந்ததும் மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு டப்பா வாங்கிவிடலாமா என்று உங்களுக்கே தோன்றும். எதிர் ஃப்ளாட்காரி மேல் இருந்த இளக்காரம் அந்த நிமிஷமே போய்விடும். (போகட்டும், நல்லதுதான்!)

ஆனால் டப்பாவுக்கு அவசரப்படாதீர்கள். முதல் இரண்டு, மூன்று நாள் சுரப்பது சீம்பால். ஸ்பூன் கணக்கில்தான் வரும். பிறந்த குழந்தைக்குப் பொதுவாக அதுவே போதும். அடிக்கடி சப்பக் கொடுத்தால்தான் பால் நன்றாக ஊறும். முதல் சில நாள் எடை சற்றுக் குறைவதும் சகஜம். ஒரு வாரத்துக்குள் தினம் ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும். குழந்தை குடிக்காமல் சோர்ந்து கிடந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். அவரே பவுடர் பால் எழுதிக் கொடுத்தால், தோற்றுவிட்டதாக நினைத்து அழ வேண்டாம்.

அம்மாவையும் கோபிக்காதீர்கள். நாலு மாதம் முடிந்ததும் கூழ் ஆரம்பிக்கலாம் என்று அவர் காலத்து டாக்டர்களே சொன்னார்கள். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2001-ல்தான். பாட்டி கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைக்கட்டும். நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் மட்டும் வேண்டாம்.