வேதாளத்தின் கேள்வி

1947இல் தோன்றிய 'அம்புலிமாமா' இதழில் விக்கிரமாதித்தன், வேதாளம் கதைத்தொடரைப் படித்து வளர்ந்தோர் பலர். பிணத்தைத் தோளில் சுமந்து, வாளேந்தி நடக்கும் மன்னனை ஓவியர் சங்கர் தீட்டிய படம் மறக்கவொண்ணாதது. இக்கதைகள் படக்கதைகளாகவும் வந்தன. 1985இல் இராமானந்த் சாகர் தூர்தர்ஷனில் இந்தித் தொடராக்கினார்.

கதை முடிவில் வேதாளம் கேள்வி கேட்கும். புத்தகமாயின் அவ்விடத்தே மூடிவைத்து, "உன் தீர்ப்பு என்னம்மா?" என்று பிள்ளையைக் கேட்கலாம். படக்கதையில் கண் அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடும். தொலைக்காட்சியோ காத்திருப்பதேயில்லை. இன்று இண்டூர் போன்ற சிற்றூர்ப் பிள்ளைகளின் கையிலும் திரை வந்துவிட்டது.

முஸ்லிமுக்கு உவமையான மரம் எதுவென நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் வினவி, அவர்களைச் சிந்திக்கவிட்ட பின்னரே பேரீச்சை என்றார்கள். வேதாளம் வெறும் கற்பனை என்று பிள்ளைக்கு உணர்த்துங்கள். கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.