லேட்டா வந்தா கப்பல் நிக்காது பாஸ்!

பஸ்ஸை விட்டா அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம். கப்பலை விட்டா?

2022 ஜூன்ல சென்னைத் துறைமுகத்துல இருந்து 'எம்பிரஸ்' சொகுசுக் கப்பல் கிளம்புச்சு. அடுத்த வருஷம் அது இலங்கைக்கும் போச்சு. நடுவுல துறைமுகத்துல இறங்கி ஊர் சுத்துறதுதான் இந்தப் பயணத்தோட ஜாலியே. சிக்கலும் அங்கதான்.

2024 மார்ச்ல ஆப்பிரிக்காவின் சாவோ டோமே தீவுல தனியா டூர் போன 8 பேர் லேட்டா திரும்பினாங்க. 'நார்வீஜியன் டான்' கப்பல் அவங்களை ஏத்திக்கலை. நாடு நாடா அலைஞ்சு, செனகல்லதான் கப்பலைப் பிடிச்சாங்க.

ஏன் காத்திருக்காது? கப்பலை வெளியே கொண்டுபோற பைலட், இழுவைப் படகு எல்லாம் நேரம் குறிச்சு புக் செய்யப்பட்டவை. தாமதமானா கட்டணம் ஏறும். அடுத்த துறைமுகமும் தள்ளிப்போகும்.

நீங்க செய்ய வேண்டியவை:

* கிளம்பும் நேரத்தைப் பார்க்காதீங்க. 'எல்லோரும் ஏற வேண்டிய' நேரத்தைப் பாருங்க. அது முன்னாடியே முடிஞ்சிடும்.
* வாட்ச்ல கப்பல் நேரத்தை வைங்க. ஊர் நேரம் மாறலாம்.
* துறைமுக ஏஜென்ட் நம்பரை போட்டோ எடுத்துக்கோங்க.
* கப்பல் நிறுவனமே நடத்துற டூர்னா பொதுவா காத்திருப்பாங்க. சொந்தமா போனா, ரிஸ்க் உங்களோடது.

ராயபுரம், திருவொற்றியூர்க்காரங்களுக்குச் சொல்லவே வேணாம். கன்டெய்னர் லாரி வரிசையில மாட்டினா எப்போ நகரும்னு யாருக்கும் தெரியாது. துறைமுகம் இருக்கிற வேற ஊர்கள்லயும் இதே கதை நடக்கலாம். மாமல்லபுரம் போயிட்டு வர்றீங்களா? கேட்டுக்குள்ள செக்கிங்கும் இருக்கு. ரெண்டு மணி நேரம் முன்னாடியே வந்துடுங்க. கப்பல் மேல நின்னு டாட்டா காட்டுறவங்க நீங்களா இருக்கணும்!