இந்த வயதில் தொடங்கலாமா?

"நாற்பத்தேழு ஆயிடுச்சு அக்கா. பையன் பிளஸ் டூ. இனிமே ஆரம்பிச்சு என்ன ஆகப்போகுது?" என்று கேட்டீர்கள். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

ஆரம்பிக்கலாம். பெண்ணாக மாறத் தொடங்குகிறவருக்கு இத்தனை வயதுக்கு மேல் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கூடாது என்று பொதுவாக ஒரு கோடு போட்டு யாரும் தடுக்கவில்லை. நான் ஆரம்பித்தபோது எனக்கு 44. ஆனால் இருபது வயதில் இறங்குகிறவள் தன் உடம்பை மட்டும் கொண்டுவருகிறாள். நம்மோடு பிபி மாத்திரை, சர்க்கரை, நரைத்த தாடி, வீட்டுக் கடன், மனைவி, பிள்ளைகள், வருடக்கணக்கில் சேர்ந்த சர்வீஸ் எல்லாம் சேர்ந்து வருகிறது. இதில் ஒன்றைக்கூட டாக்டரிடமோ வீட்டிலோ மறைத்து வைத்துக்கொண்டு இந்தக் காரியத்தைத் தொடங்கக் கூடாது. நான் சொல்ல வருவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

இது இந்த வயதில் திடீரென்று பிடித்த கிறுக்கோ என்று உங்களை நீங்களே பல தடவை கேட்டிருப்பீர்கள். நம்மைப் போன்றவர்களிடம் பேசிப் பாருங்கள், பெரும்பாலும் ஒரே கதைதான். ஏழெட்டு வயதிலேயே தெரியும். சொல்ல வார்த்தை கிடையாது, சொன்னால் அடி விழும். கல்யாணம் பண்ணினால் சரியாகிவிடும் என்றார்கள், நாமும் மனசார நம்பினோம். பெற்றவர்கள் காலமாவதும், பிள்ளைகள் தலையெடுப்பதும், உடம்பில் முதல் வியாதி எட்டிப்பார்ப்பதும் சேர்ந்து நடக்கிற வயது இது. அடக்கி வைத்தது அப்போது மேலே வருகிறது. உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் இந்தப் பாலின முரண்பாடு மனநோய்ப் பிரிவில் இல்லை, பாலியல் நலம் சார்ந்த பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பேசியோ மருந்து கொடுத்தோ உங்களை 'ஆம்பளையாக்கி' விடுகிறேன் என்று எந்த டாக்டராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட முயற்சிகளுக்குத் தடை போட்டது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுங்கு மீறல் என்று சொல்லிவிட்டது.

மருந்துக்கு வருவோம். ஈஸ்ட்ராடியால் கொடுப்பார்கள், கூடவே டெஸ்டோஸ்டிரோனை அடக்க ஒரு மருந்து. முதலில் வரும் மாற்றம் வெளியே தெரியாது. ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் தானாக வரும் விறைப்பு குறையும், ஆசையின் வேகமும் தணியும். மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் தோல் மிருதுவாகும், முகத்தில் எண்ணெய் வழிவது குறையும், மார்புக் காம்புக்கு அடியில் சுண்டைக்காய் அளவுக்கு ஒன்று தட்டுப்படும். தொட்டால் வலிக்கும். குளித்துவிட்டுத் துண்டால் துவட்டும்போது அந்த வலியை முதன்முதலாக உணர்ந்த அன்று நான் குளியலறையிலேயே உட்கார்ந்து அழுதேன், அத்தனை சந்தோஷம். மார்பு வளர்ந்து நிலைக்க இரண்டு மூன்று ஆண்டு ஆகும். தொடையிலும் இடுப்பிலும் சதை சேர்வதும் அப்படித்தான். ஏற்கெனவே இருக்கும் தொப்பை தானாக இடுப்புக்கு இறங்கிவிடாது, அதற்கு நடைப்பயிற்சிதான். கை பலம் குறையும். கேஸ் சிலிண்டரை நகர்த்தும்போது தெரிந்துகொள்வீர்கள்.

குரல் மாறாது. உடைந்த குரலை ஈஸ்ட்ரோஜன் திருப்பித் தராது, பேச்சுப் பயிற்சியாளரிடம் போய்த்தான் பழக்க வேண்டும். உயரம், தோள் அகலம், தாடை எலும்பு மாறாது. வழுக்கை மேலும் பரவாமல் நிற்கும், ஆனால் போன முடி பெரும்பாலும் போனதுதான். தாடியும் மருந்தால் போகாது. இந்தத் தாடி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் வயதுக்காரர்கள் இதில்தான் காலத்தைக் கோட்டைவிடுகிறார்கள்.

லேசர் முடியில் இருக்கும் கறுப்பு நிறமியைத் தேடிப்போய்ச் சூடாக்கி வேரைக் கருக்குகிறது. வெள்ளை முடியில் அந்த நிறமி இல்லை, லேசர் அதைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். ஆகவே கண்ணாடி முன்னால் நின்று மோவாயைப் பாருங்கள். பாதி நரைத்திருந்தால் லேசரில் பாதிதான் போகும். மிச்சத்துக்கு எலக்ட்ராலிசிஸ்தான், ஒவ்வொரு முடி வேரிலும் தனித்தனியாக மெல்லிய ஊசி இறக்கி மின்சாரம் பாய்ச்சுகிற வேலை. பொறுமை வேண்டும், பணமும் வேண்டும். அதோடு ஊசி வைக்க முடி வெளியே தெரிய வேண்டும் என்பதால், போவதற்கு முன் சில நாள் சவரம் செய்யாமல் இருக்க வேண்டும். புடவை கட்டத் தொடங்கிய பிறகு அந்தச் சில நாட்கள் எவ்வளவு கொடுமை என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அதனால் என் பேச்சைக் கேட்பதானால் மற்றவற்றைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும்போதே லேசரை ஆரம்பித்துவிடுங்கள். ஹார்மோன் தொடங்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, யாருக்கும் காரணம் சொல்லவும் வேண்டியதில்லை, தாடியே வேண்டாம் என்று லேசர் செய்துகொள்கிற ஆண்கள் உண்டு. நம் கறுத்த தோலுக்கு என்டி-யாக் என்ற வகை லேசர் பாதுகாப்பானது, அது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். இடையில் முடியைப் பிடுங்காதீர்கள், த்ரெட்டிங் வேண்டாம், வேர் இல்லாவிட்டால் லேசருக்கு வேலையே இல்லை. சவரம் செய்யலாம்.

இப்போது நான் பயப்படுகிற இடம். மருந்துக்கடையில் மாலா-டி மாதிரியான கருத்தடை மாத்திரையை வாங்கி ஒரு நாளைக்கு மூன்று நான்கு என்று போட்டுக்கொள்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். சீட்டு கேட்க மாட்டார்கள், விலை மலிவு, யாருக்கும் தெரியாது. அதில் இருப்பது எத்தினைல் ஈஸ்ட்ராடியால். ரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து அதில் அதிகம் என்பதால் பாலின மாற்றச் சிகிச்சைக்கு அதைத் தரக் கூடாது என்று மருத்துவர்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். இருபது வயதில் தப்பித்திருக்கலாம். நாற்பத்தேழில், சிகரெட்டும் பிபியும் இருந்தால், காலில் உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளலாம், பக்கவாதமும் வரலாம். சரியான ஈஸ்ட்ராடியாலிலும் கொஞ்சம் ஆபத்து உண்டுதான். அதனால்தான் நம் வயதுக்காரர்களுக்கு மாத்திரையைவிடத் தோலில் தடவும் ஜெல்லையோ ஒட்டும் பேட்ச்சையோ டாக்டர்கள் விரும்புகிறார்கள். அது கல்லீரலை முதலில் தொடாமல் நேராக ரத்தத்தில் கலக்கிறது, உறையும் ஆபத்து குறைகிறது. விலை கூடுதல். நம் வயதில் அந்தக் கூடுதல் காசைக் கொடுத்துவிடுவதே சரி என்று நினைக்கிறேன். சிகரெட்டை விட வேண்டும், அதில் பேரம் கிடையாது.

டெஸ்டோஸ்டிரோனை அடக்கும் மருந்திலும் பார்க்க வேண்டியது இருக்கிறது. ஸ்பைரோனோலாக்டோன் பல டாக்டர்கள் எழுதுவது. அது உடம்பில் பொட்டாசியத்தை ஏற்றும். நம் ஊரில் பிபிக்குச் சகஜமாகக் கொடுக்கும் டெல்மிசார்ட்டனும் ஏற்றும். இரண்டும் சேர்ந்து, சிறுநீரகமும் கொஞ்சம் தளர்ந்திருந்து, வெயிலுக்கு நாலு இளநீரையும் குடித்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். "நான் டெல்மிசார்ட்டன் எடுக்கிறேன்" என்று முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள், அவர் இரண்டில் ஒன்றை மாற்றுவார் அல்லது ரத்தத்தை அடிக்கடி பார்ப்பார். சிப்ரோடெரோன் என்று இன்னொன்று உண்டு. மூளை உறையில் வரும் மெனிஞ்சியோமா கட்டிக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதால் அளவைக் குறைக்கும்படி 2020-இல் ஐரோப்பிய மருந்து முகமை எச்சரித்தது. எழுதித் தந்தால் எத்தனை மில்லிகிராம் என்று கேளுங்கள்.

முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. அதிக மருந்து போட்டால் சீக்கிரம் வளரும் என்று நினைத்து நீங்களாகக் கூட்டாதீர்கள். அளவைக் கூட்டினால் மார்பு பெரிதாவதில்லை, ஆபத்துதான் பெரிதாகிறது.

வீட்டுக்கு வருவோம். மருந்துக்கு முன்னால் மனைவியிடம் சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நான் மேலே சொன்ன முதல் மாற்றம் படுக்கையறையில்தான் தெரியும். அதை அவர் தானாகக் கண்டுபிடிக்கும்படி விட்டால், வேறு பெண் இருக்கிறாள் என்றுதான் நினைப்பார், அப்புறம் நீங்கள் எந்த உண்மையைச் சொன்னாலும் எடுபடாது. இன்னொரு குழந்தை பற்றிய பேச்சு வீட்டில் இருந்தால் மருந்துக்கு முன்பே விந்தணுவைச் சேமித்து வைத்துவிட வேண்டும், பிறகு திரும்பும் என்று நம்பியிருக்க முடியாது. சொன்னதும் மனைவி கேட்பது அநேகமாக ஒன்றாகத்தான் இருக்கும். "அப்ப இத்தனை வருஷம் என்கூட வாழ்ந்தது பொய்யாங்க?" அதற்கு அன்றே பதில் சொல்லி முடிக்க முடியாது. அவருக்கும் ஒரு மனநல ஆலோசகர் வேண்டும், உங்களுக்கு இருப்பவரே போதாது, அவருக்கென்று தனியாக. இருபது வருடம் ஒரு ஆணோடு வாழ்ந்த பெண் விலகிப் போக விரும்பினால் அது அவர் உரிமை, அவரைக் கெட்டவராக்காதீர்கள். இருக்க விரும்பினால் எப்படி இருப்பது என்று இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு ஊரில் முன்மாதிரி இல்லை.

பிள்ளைகளிடம் பரீட்சைக்கு முன்னால் சொல்ல வேண்டாம். என் மகள் இன்றும் வீட்டில் "அப்பா" என்றுதான் கூப்பிடுகிறாள். கடைத்தெருவில் எதுவும் கூப்பிடாமல் வந்து கையைப் பிடித்துக்கொள்வாள். எனக்கு அது போதும்.

ஜான் மாரிஸ் என்று ஒருவர் இருந்தார். 1926-இல் பிறந்தவர். 1953-இல் எவரெஸ்ட் சிகரத்தை எட்டிய செய்தியை லண்டன் 'டைம்ஸ்' இதழுக்கு முந்தித் தந்த நிருபர், பெயர் பெற்ற எழுத்தாளர், மனைவி பிள்ளைகள் உள்ளவர். 1964-இல் ஹார்மோன் தொடங்கினார். 1972-இல், 45 வயதில், மொராக்கோவின் காசாபிளாங்காவுக்குப் போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். முதலில் மனைவி எலிசபெத்தை விவாகரத்து செய்தால்தான் பிரிட்டனில் செய்வோம் என்றார்கள், அதற்கு அவர் சம்மதிக்கவில்லை. சட்டப்படி பிறகு விவாகரத்து ஆனாலும் எலிசபெத்தும் அவரும் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள், 2008-இல் சட்டப்படி மறுபடியும் துணைவர்களாகப் பதிவு செய்துகொண்டார்கள். 94 வயது வரை வாழ்ந்தார். எல்லார் வீட்டிலும் இப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. அவருக்கு எழுத்து சோறு போட்டது, மாதச் சம்பளத்துக்கு ஒரு முதலாளியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் 45-க்குப் பிறகு ஐம்பது ஆண்டு மிச்சமிருக்கலாம் என்பதை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை.

திருநங்கைகளின் ஜமாத்தில் சேர வேண்டுமா என்று கேட்டீர்கள். கட்டாயம் இல்லை. அங்கே பிறந்த வயதைவிட எப்போது வந்து சேர்ந்தாய் என்பதற்குத்தான் மூப்பு, முப்பது வயதுப் பெண்ணை நீங்கள் அம்மா என்று கூப்பிட வேண்டி வரலாம். சிலருக்கு அதுவே பெரிய ஆறுதல். சேராவிட்டாலும் போய்ப் பேசிப் பழகுங்கள், எந்த டாக்டர் மரியாதையாக நடத்துவார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

காகிதம் பற்றிச் சுருக்கமாக. 2014-இல் நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் நம் பாலினத்தை நாமே சொல்லும் உரிமையை ஏற்றது. 2019-இல் வந்த மத்தியச் சட்டம் மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் வாங்கும் முறையைக் கொண்டுவந்தது. விதிகள் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் முன் ஆட்சியர் அலுவலகத்தின் சமூக நலப் பிரிவில் அன்றைய நிலவரத்தைக் கேளுங்கள். நம் வயதில் பழைய பெயர் ஆதார், பான், பி.எஃப், எல்.ஐ.சி, வங்கிக் கடன், பட்டச் சான்றிதழ், பத்திரம் என்று எங்கெங்கோ கிடக்கும். புதுப் பெயரை இன்ஷியலோடு ஒரே எழுத்துக்கூட்டலில் முடிவு செய்துகொண்டு அரசிதழில் போட்டுவிட்டு அப்புறம் மற்றவற்றை மாற்றுங்கள்.

அறுவை சிகிச்சை இப்போதைக்கு உங்கள் கேள்வி இல்லை. செய்யாமலேயே நிம்மதியாக வாழ்பவர்கள் உண்டு. செய்வதானால் தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே செய்துகொள்ள முடியும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறாது என்பதால் தள்ளிப்போடுவார்கள். விரைகளை எடுத்த பிறகு ஹார்மோனை நிறுத்தினால் எலும்பு தேயும். புராஸ்டேட் சுரப்பியை எடுக்க மாட்டார்கள், அது கடைசி வரை இருக்கும், ஈஸ்ட்ரோஜன் எடுப்பவர்களுக்கு அதைச் சோதிக்கும் பி.எஸ்.ஏ அளவு தாழ்ந்தே காட்டும். எழுபது வயதில் மகளிர் பிரிவில் உங்களைப் பார்க்கிற டாக்டருக்கு இதை நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

முதலில் ஒரு மனநல மருத்துவர், பிறகு நாளமில்லாச் சுரப்பி மருத்துவர். இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளை அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள், பெயர் ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டு வராதீர்கள். சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகம், பொட்டாசியம் எல்லாம் எப்படியும் பார்க்கச் சொல்வார்கள். குடும்பத்தில் யாருக்காவது காலில் ரத்தம் உறைந்ததா, அப்பாவுக்கு எந்த வயதில் மாரடைப்பு வந்தது என்றும் கேட்பார்கள். ஊரில் உங்கள் அத்தை இருக்கிறார்கள் அல்லவா, போகும் முன் அவர்களிடம் போனில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.