மலிவு விலை பிரிண்டர் இங்க்: போடலாமா, கூடாதா? முதலில் ‘ஹெட்’ எங்கே என்று பாருங்கள்

வீட்டுக்கு ஒரு பிரிண்டர் வாங்குவது இப்போது பெரிய செலவில்லை. இரண்டு, மூன்று முறை கார்ட்ரிட்ஜ் மாற்றிய பிறகுதான், ‘இதுக்குப் புது பிரிண்டரே வாங்கிடலாம் போலிருக்கே’ என்று தோன்றும். அதே மாடலுக்குப் பொருந்தும் கார்ட்ரிட்ஜ், வேறு பெயரில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கிப் போட்டால் பிரிண்டர் பாழாகிவிடுமா?

அசல் இங்க் ஏன் இவ்வளவு விலை?

பிரிண்டரை மலிவாக விற்று, இங்க்கில் லாபம் பார்ப்பதுதான் இந்தத் தொழிலின் கணக்கு. வாடிக்கையாளர் வாங்கும் ஒவ்வொரு பிரிண்டரும் தங்களுக்கு ஒரு முதலீடு, அவர் எங்கள் இங்க்கைப் பயன்படுத்தாவிட்டால் அது மோசமான முதலீடு என்ற பொருளில், ஹெச்பியின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி என்ரிக்கே லோரெஸ் 2024 ஜனவரியில் வெளிப்படையாகவே சொன்னார்.

மலிவு இங்க் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை, மூன்று வகை உண்டு.

ரீஃபில்: காலியான அசல் கார்ட்ரிட்ஜில் மீண்டும் இங்க் நிரப்பியது.

கம்பாட்டிபிள்: வேறு நிறுவனம் தன் பெயரிலேயே புதிதாகத் தயாரித்தது.

போலி: அசல் நிறுவனத்தின் லோகோவைப் போட்டு ஏமாற்றி விற்பது.

முதல் இரண்டை விற்பதிலோ வாங்குவதிலோ தப்பில்லை. மூன்றாவதை விற்பது குற்றம்.

பிரிண்டர் கெட்டுப்போகுமா?

அது பிரிண்ட் ஹெட் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. காகிதத்தில் இங்க்கைத் தெளிக்கும் நுண்துளைகள் கொண்ட பாகம்தான் ஹெட்.

ஹெச்பி 805, 682, கேனன் 745, 746 போன்றவற்றில் ஹெட் கார்ட்ரிட்ஜோடு சேர்ந்தே வருகிறது. மட்டமான இங்க் அடைத்துக்கொண்டால் கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்டலாம். நஷ்டம் அதோடு போச்சு.

எப்சன் எல் வரிசை போன்றவற்றில் ஹெட் பிரிண்டருக்குள்ளேயே பொருத்தப்பட்டிருக்கிறது. அங்கே அடைப்பு வந்தால் சர்வீஸ் செலவு பெரிதாகிவிடும். இந்த வகைக்கு அசல் இங்க் பாட்டிலே நல்லது. அசல் பாட்டிலே மலிவு என்பதால் பெரிய இழப்பும் இல்லை.

‘கார்ட்ரிட்ஜ் ஏற்கப்படவில்லை’ என்று வருகிறதே?

கார்ட்ரிட்ஜில் உள்ள சிப்பைப் பார்த்துத்தான் பிரிண்டர் முடிவு செய்கிறது. 2016 செப்டம்பரில், அதுவரை ஓடிக்கொண்டிருந்த வேறு நிறுவன கார்ட்ரிட்ஜ்களை ஹெச்பியின் சில ஆபீஸ்ஜெட் மாடல்கள் திடீரென்று நிராகரித்தன. ஃபர்ம்வேரில் இருந்த தடைதான் காரணம். அசல் சிப் உள்ள ரீஃபில் கார்ட்ரிட்ஜ்களை இந்தத் தடை பாதிக்காது என்கிறது அந்த நிறுவனம். ஆனால் ‘ஹெச்பி பிளஸ்’ திட்டத்தில் சேர்த்த பிரிண்டருக்கு அசல் இங்க் கட்டாயம்.

வாரன்டி போய்விடுமா?

வேறு இங்க் போட்டதாலேயே போகாது என்று ஹெச்பியின் வாரன்டி விதி சொல்கிறது. ஆனால் அந்த இங்க்கால்தான் பழுது வந்தது என்றால், சரிசெய்யும் செலவு உங்களுடையது. மற்ற நிறுவனங்களின் விதியை வாரன்டி அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் எவ்வளவு மிச்சம்?

கார்ட்ரிட்ஜ் விலையை மட்டும் பார்க்காதீர்கள். விலையைப் பக்க எண்ணிக்கையால் வகுங்கள். ஹெச்பி 682 கறுப்பு கார்ட்ரிட்ஜ் சுமார் 480 பக்கம் தரும். எப்சன் 003 கறுப்பு பாட்டில் சுமார் 4,500 பக்கம். உதாரணத்துக்கு, 960 ரூபாய் கார்ட்ரிட்ஜ் 480 பக்கம் தந்தால் பக்கத்துக்கு 2 ரூபாய். அதையே 480 ரூபாய்க்கு வாங்கி 200 பக்கத்தில் தீர்ந்துபோனால் 2 ரூபாய் 40 காசு. பாதி விலைக்கு வாங்கியும் நஷ்டம்தான்!

அப்போ என்ன செய்யலாம்?

கார்ட்ரிட்ஜில் ஹெட் இருந்தால், பள்ளி ப்ராஜெக்ட், டிக்கெட் மாதிரி தேவைகளுக்கு மலிவு இங்க்கை தைரியமாக முயற்சிக்கலாம். திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்குங்கள். பல வருடம் வைத்திருக்க வேண்டிய ஆவணம், போட்டோ என்றால் அசல் இங்க்கே போடுங்கள், நிறம் மங்கும் அபாயம் குறைவு. எந்த இங்க்காக இருந்தாலும் வாரம் ஒரு கலர் பக்கமாவது பிரிண்ட் எடுங்கள். சும்மா கிடந்து காய்ந்துபோனால் அசல் இங்க்கும் அடைத்துக்கொள்ளும்.