பழைய துப்பாக்கியை அறுக்கலாமா?

பாட்டனார் காலத்துப் பித்தளை அண்டாவை எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கும் வழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. அண்டாவுக்கு நேர்வது பழைய இராணுவத் துப்பாக்கிக்கும் நேர்கிறது என்பதை அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

303 ரைபிளை நம்மில் அறியாதார் இரார். ரயிலடியில் பாரா நின்ற காவலரின் தோளில் அதனை நெடுங்காலம் கண்டிருக்கிறோம். 1907இல் வெளிவந்த லீ-என்ஃபீல்டு வகையைச் சேர்ந்தது அது. கல்கத்தாவுக்கு வடக்கே இச்சாப்பூர்த் தொழிற்சாலையில் பெருந்தொகையாக உருவாயிற்று. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020ஆம் ஆண்டுக் குடியரசு நாள் அணிவகுப்புடன் அதற்கு விடை கொடுத்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேனாடுகளில் இத்தகைய ரைபிள்கள் மலிவாக விற்கப்பட்டன. வேட்டைக்காரர்கள் முன்பக்க மரத்தை அறுத்தெறிந்தனர், குழலைக் குறுக்கினர், எடை குறைந்தது. அன்று அதில் தவறேதும் காண்பதற்கில்லை. ஏராளமாகக் கிடைத்த பொருளை எவர் போற்றுவர்? இன்று சேகரிப்போர் அறுபடாத ரைபிளுக்கே மிகுந்த விலை தருகின்றனர். போல்ட்டிலும் உடலிலும் ஒரே எண் இருக்கிறதா, கட்டை தொடங்குமிடத்து வளையத்தில் முடிச் சின்னமும் தொழிற்சாலைப் பெயரும் ஆண்டும் தேயாமல் உள்ளனவா என்று பார்க்கின்றனர். உப்புத்தாள் கொண்டு பளபளப்பாகத் தேய்த்தவர் இவற்றையெல்லாம் அழித்தவராவார்.

ஆயினும் மாற்றம் யாவும் குற்றமன்று. இச்சாப்பூரிலேயே பல 303 ரைபிள்களின் குழலைக் குடைந்து, உள்வரிகளை நீக்கி, தோட்டாப் பெட்டியை மரத்துண்டால் அடைத்து, ஒரு முறைக்கு ஒரே தோட்டா சுடும் 410 மஸ்கட்டாக மாற்றினர். காவலருக்கும் சிறைக் காவலுக்கும் அவை தரப்பட்டன. துப்பாக்கி பறிபோயினும் பட்டாளத்துத் தோட்டா அதற்கு உதவாது என்பது அரசினர் கணக்கு. அம்மாற்றம் அத்துப்பாக்கியின் சரித்திரத்தில் ஓர் அத்தியாயம். அதனைத் திரும்பவும் 303 ஆக்க முயல்வதே கெடுதல். ஊர்க் கொல்லர் கைவரிசைக்கு இப்பெருமை கிட்டாது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, உரிமமின்றிக் குழலைக் குறுக்குவதும் ஒரு வகையை வேறு வகையாக்குவதும் கூடா. 303 பொதுமக்களுக்கு மறுக்கப்பட்ட அளவு. அவர்களுக்கென அதே தொழிற்சாலை 315 ரைபிளைச் செய்தது. பழுது பார்த்தாலும் சுட இயலாத பழங்காலத் துப்பாக்கிக்கு மட்டும் 45ஆம் பிரிவு விலக்களிக்கிறது.

சித்தூர், திருப்பதிப் பக்கத்து மலையோர ஊர்களில், பயிர்காவலுக்கு வைத்திருந்த மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி எவர் வீட்டுப் பரணிலேனும் கிடந்தால், அதை ஒக்கிடக் கொடுக்காமல் முதலில் காவல் நிலையத்தில் தெரிவிப்பதே முறை. உரிமம் உள்ளவர்கள் மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தாலே போதும்.

தஞ்சை அரண்மனை ஆயுதசாலையை 1860களில் கலைத்தபோது, சென்னை அருங்காட்சியகத்துக்கென்று பொறுக்கியவை போக, மிகுந்ததில் பெரும்பகுதி பழைய இரும்பாக விலைபோயிற்று. பொறுக்கியவற்றை எழும்பூரில் இன்றும் காணலாம்.