மூளைக்குள் உலோகம் – 6: மஞ்சளில் மருந்தும் நஞ்சும்

காரீயம் கால்சியம் மாதிரி வேஷம் கட்டி உடம்புக்குள் நடமாடும் என்று போன வாரம் பார்த்தோம். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பை அந்த வேஷத்தில்தான் தாண்டுகிறது. உள்ளே போனதும் நரம்புச் செல்களின் பேச்சைக் குலைக்கிறது. செல்லுக்குக் காவலாக இருக்கும் குளூட்டாதயோனைக் கரைக்கிறது. இதைத் தடுக்கச் செடிகொடிகளில் ஏதாவது உண்டா?

உண்டு, ஆய்வகத்தில். மஞ்சளில் உள்ள குர்குமின் மூலக்கூறின் நடுவே இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் இருக்கின்றன. உலோக அயனி அருகே வந்தால் அதை இரண்டும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். தென்னாப்பிரிக்காவின் ரோட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளுக்குக் காரீய உப்பைச் செலுத்தி, குர்குமினும் கொடுத்துப் பார்த்து 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். நினைவாற்றலுக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் பகுதிச் செல்கள் பெருமளவு தப்பியிருந்தன.

அளவைப் பாருங்கள்: எலியின் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம். அப்படியே 60 கிலோ மனிதருக்குக் கணக்குப் போட்டால் 1.8 கிராம் குர்குமின். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். ஆக, 60 கிராம் தூள் வேண்டும். அதையும் விழுங்கினால் பெரும்பகுதி ரத்தத்தில் சேராமலே வெளியேறிவிடும். மிளகிலுள்ள பைப்பரின் சேர்ந்தால் ரத்தத்தில் சேரும் அளவு சுமார் 20 மடங்கு கூடுவதாகப் பெங்களூரு ஆய்வு ஒன்று 1998-இல் காட்டியது. அது உண்மைதான். ஆனாலும், குழம்பில் போடும் அரை ஸ்பூன் மஞ்சள் காரீயத்திலிருந்து பிள்ளையைக் காப்பாற்றும் என்று நம்புவதற்கு இது போதாது.

போதாது என்பதோடு நின்றால் பரவாயில்லை. வங்கதேசத்தில் அந்த மஞ்சளே காரீயத்தைக் கொண்டுவந்தது. 1980-களில் வெள்ளத்தில் நனைந்து மங்கிப்போன மஞ்சளைப் பளிச்சென்று காட்ட, பெயின்ட்டுக்குப் பயன்படும் காரீய குரோமேட்டை ஆலைகளில் சேர்க்கத் தொடங்கினார்கள். காய்ந்த விரலியை மெருகேற்றும்போது இந்தப் பொடியைத் தூவினால் மேல்தோல் முழுக்கப் பொன்னிறமாகிவிடும். கிராமத்துக் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஏன் இவ்வளவு காரீயம் என்று டாக்காவின் ஐசிடிடிஆர்,பி நிறுவனமும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் தேடிப் போனபோது, அதன் ஐசோடோப்பு அடையாளம் இந்த மஞ்சளைக் காட்டிக்கொடுத்தது.

2019-இல் முடிவு வெளியானதும் அரசு அசைந்தது. சந்தைகளில் எச்சரிக்கை நோட்டீஸ் ஒட்டினார்கள். டாக்காவின் ஷ்யாம்பஜாரில், எக்ஸ்-கதிர் கருவியால் அங்கேயே சோதித்து, கலப்பட மஞ்சளைப் பறிமுதல் செய்து அபராதம் போட்டார்கள். 2019-இல் 47 சதவீத மாதிரிகளில் காரீயம் இருந்தது. 2021-இல் ஒன்றில்கூட இல்லை. ஆலைத் தொழிலாளர்களின் ரத்தத்திலும் காரீயம் சுமார் 30 சதவீதம் குறைந்தது. குர்குமின் பற்றி எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகளைப் படித்திருக்கிறேன்; எனக்கு இந்த ஒரு செய்தி தந்த நிம்மதியை அவற்றில் எதுவும் தரவில்லை.

சரி, காரீயம் ஏற்கெனவே உடம்பில் சேர்ந்துவிட்டால் என்ன செய்வது? குழந்தையின் ரத்தத்தில் அதன் அளவு டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமைத் தொட்டால் சக்சிமர் போன்ற மருந்தை மருத்துவர்கள் தருவார்கள். அதற்குக் கீழே இருந்தால், காரீயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்துவதுதான் முதல் வேலை. அடுத்தது சாப்பாடு. இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த பிள்ளையின் குடல் காரீயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். அதனால் கீரை, பருப்பு, கேழ்வரகு, இரும்புச்சத்து உடம்பில் சேரக் கூடவே ஒரு நெல்லிக்காய் என்று தட்டில் வையுங்கள். இவை மூளைக்குள் போய்க் காரீயத்தோடு மோதுவதில்லை. குடலிலேயே அதற்கு இடம் தராமல் பார்த்துக்கொள்கின்றன.

(அடுத்த வாரம்: கிணற்று நீரில் ஆர்சனிக்)