பிரிப்பதா, சேர்ப்பதா?

“எந்தத் தொழில்நுட்பம் படித்தால் பெரிய நிறுவனத்தில் வேலை கிடைக்கும்?” மென்பொருள் துறைக்கு வரும் இளையர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நான் இரண்டு கதைகளைச் சொல்வேன்.

2008 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸின் தரவுத்தளம் பழுதானது. மூன்று நாள் வாடிக்கையாளர்களுக்கு டிவிடி அனுப்ப முடியவில்லை. அதன்பின் அந்நிறுவனம் தன் ஒரே பெரிய மென்பொருளை நூற்றுக்கணக்கான சிறு சேவைகளாகப் பிரித்தது. உணவங்காடி நிலையத்தில் ஒரு கடை மூடினாலும் மற்றவை இயங்குமே, அதுபோல. அமேசானின் மேகக் கணினிக்கு முழுதாக மாறி முடிக்க 2016 ஜனவரி ஆகிவிட்டது.

2023இல் அமேசான் பிரைம் வீடியோ குழு ஒன்று எதிர்த்திசையில் போனது. காணொளித் தரத்தைக் கண்காணிக்கும் கருவியின் பாகங்கள் தனித்தனியாக இருந்தன. அவற்றை ஒருங்கிணைக்கவும், இடையே படங்களை அனுப்பவுமே பெருஞ்செலவு. எல்லாவற்றையும் ஒன்றாக்கியதும் செலவு 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது.

இரண்டு முடிவுகளுமே சரி. எது நின்றால் பெரும் நட்டம்? மாதக் கட்டணம் எவ்வளவு? நள்ளிரவில் பழுதானால் சரிசெய்ய ஆள் உண்டா? தேர்வுக்கு முன் கேட்கவேண்டியவை இவைதாம்.

தம்பி, தங்கைகளே, நேர்முகத் தேர்வில் கருவிகளின் பெயர்களை அடுக்குவதோடு நிறுத்தாதீர்கள். ஏன் அதைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்பதையும் சொல்லிப் பழகுங்கள்.